பொன்மணிக்கு வேலை கிடைத்த விழா

வேலையில்லாதவர்களை இந்த நாட்டில் யாராவது முறையாக, மரியாதையாக, விடாமல் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள் என்றால் அது நாங்கள்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தற்பெருமை என் சுபாவத்திலேயே கிடையாது. அடக்கத்துக்காக விருதே வாங்கியிருக்கிறேன், வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

மயிலாப்பூரில் லஸ் கார்னருக்குப் பின்னால், ஓர் அப்பளக் கடையின் மாடியில் இயங்கும் 'எழுச்சி வாழ்வாதார உயர்திறன் மையம்' பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். கேள்விப்படவில்லை என்றால் அது தங்களுடைய திறன் குறைபாடு. அதற்கும் எங்களிடம் பயிற்சி உண்டு. நான் அந்த மையத்தின் இயக்குநர். 'நலிந்த பிரிவினர்' என்று நாங்கள் பாசத்தோடு அழைக்கும் மக்கள் தினமும் எங்கள் படியேறி வருகிறார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தபோது படியேறச் சிரமப்பட்டார்கள். அரசு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்த பிறகு, அங்கே லிஃப்ட் ஓடாத புண்ணியத்தில் நன்றாகவே பழகிவிட்டார்கள்.

எங்கள் பயிற்சியின் தரத்துக்கு தௌசீஃப் ஒருவனே சாட்சி. ஐஸ் ஹவுஸ் பக்கத்துப் பையன். ஏசி மெக்கானிக், செல்போன் பழுதுபார்ப்பு, மணப்பெண் அலங்காரம், ட்ரோன் இயக்கம் என்று எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். எங்கள் முன்னாள் மாணவன், இந்நாள் மாணவன், வருங்கால மாணவன். ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "இவ்வளவு படிச்சும் வேலைக்குப் போகலையாப்பா?" என்று குதர்க்கமாகக் கேட்டார்.

"எங்க சார் டைம் கீது? கோர்ஸ் மேல கோர்ஸு போய்க்கினே கீது" என்றான் தௌசீஃப்.

அன்றைக்கென்று பார்த்து என் அறை ஏசி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. நான் வெளியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தேன். "உங்க மாணவனையே பார்க்கச் சொல்லலாமே?" என்றார் அந்தப் பத்திரிகைக்காரர். விவரம் தெரியாமல் பேசுகிறவர்களை என்ன செய்வது? அவனுக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

சரி, பொன்மணி கதைக்கு வருகிறேன்.

பொன்மணி கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று வீடுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாக்கத்துக்குக் குடி மாறியதும், அவள் பஸ் பிடித்து வந்து சேரும்வரை காபிப் பாத்திரத்தைக் காயவிட்டுக் காத்திருக்க முடியாது என்று மூன்று வீட்டுக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். எங்களுடைய 'ஜவுளி விற்பனை உதவியாளர்' வகுப்பில் சேர வந்தபோது, உங்கள் லட்சியம் என்ன என்று வழக்கம்போலக் கேட்டேன். எல்லோரும் சாதிக்க வேண்டும் என்பார்கள். நானும் எழுதிக்கொள்வேன்.

"லட்சியம்லாம் ஒண்ணும் இல்ல சார். பாப்பா இங்க மயிலாப்பூர்ல ஒம்போதாவது படிக்குது. தமிழ்நிலான்னு பேரு. நல்லா படிக்கும் சார். தி.நகராண்ட பகல் வேலையா ஒண்ணு கெடச்சா, காலைல கூடவே இட்டாந்து வுட்டுட்டு, சாயந்தரம் கூட்டிகினு போயிருவேன். அம்மாந்தொலவு பஸ்ல அத்த தனியா அனுப்ப முடியாது சார். வேலை கெடைக்காட்டி டிசி வாங்கிடுன்னு அவங்கப்பா சொல்லிக்கினு கீறாரு. இஸ்கூலு மாத்துனா அது படிப்ப வுட்டுடும். எனக்குத் தெரியும், எம் பொண்ணு."

'சமூகப் பொருளாதார முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டேன்.

ஜவுளிப் பயிற்சி வகுப்பை நடத்துபவர் ஹம்சினி. பெசன்ட் நகர்ப் பெண், எம்.பி.ஏ., சிரித்த முகம். சேலை மடிக்கக் கற்றுக்கொடுக்கச் சேலை வேண்டும் அல்லவா? நன்கொடை தரும் நிறுவனத்திடம் கேட்டோம். புரொஜெக்டர் வாங்கித் தருகிறோம், பீன் பேக் வாங்கித் தருகிறோம், சேலை எங்கள் விதிமுறையில் வராது என்று பதில் வந்தது. நாங்கள் சோர்ந்துவிடவில்லை. எங்கள் கிடங்கில் பழைய விழாக்களின் ஃபிளெக்ஸ் பேனர்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றைச் சேலை அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தோம். அந்த யோசனைக்குத்தான் எனக்குப் 'புத்தாக்கச் சிந்தனையாளர்' விருது கிடைத்தது. அதுவும் வரவேற்பறையில் இருக்கிறது.

ஃபிளெக்ஸை மடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வழுக்கும், முறுக்கிக்கொள்ளும், விட்டால் படாரென்று விரிந்து முகத்தில் அறையும். அதிலும் ஒரு முன்னாள் சிறப்பு விருந்தினரை மூக்கில் மடிப்பு விழாமல் மடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

"எல்லாரும் நல்லா கவனிங்க" என்று ஹம்சினி தினமும் சொல்வார். "எந்தச் சரக்கை விக்கறோமோ அது மேல தெரியணும். வாங்க வர்றவங்க கண்ணுல அதுதான் முதல்ல படணும். மத்ததெல்லாம் உள்ள போயிடணும். இங்க நம்ம சரக்கு சிறப்பு விருந்தினர். அவர் முகம் மேல வரட்டும்."

பொன்மணி மடித்தால் விருந்தினர் அப்படியே இஸ்திரி போட்ட மாதிரி மேலே சிரிப்பார். தௌசீஃப் மடித்தால் ஒரு காதுதான் தெரியும்.

இந்த நிலையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதன் மனிதவள மேலாளர் புகழேந்தி, வருடாவருடம் எங்கள் மையத்துக்கு வந்து மாணவர்களைப் பார்வையிட்டு, காபி குடித்துவிட்டுப் போவது வழக்கம். இந்த வருடம் காபி வர நேரமாகிவிட்டது. அந்த இடைவெளியில், யாரும் எதிர்பாராத விதமாக, பொன்மணியை வேலைக்கு எடுத்துவிட்டார்.

"பகல் ஷிப்டும்மா. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள கடைல இருக்கிற மெஷின்ல விரல் வெச்சிடணும். மொத நாள் விரல் பதிவாகலைன்னா சிஸ்டம் தானாவே அடுத்த ஆளை எடுத்துக்கும். அதுல நான்கூட ஒண்ணும் பண்ண முடியாது."

பொன்மணி மடித்து வைத்திருந்த விருந்தினரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எங்கள் மையத்தின் வரலாற்றில் இப்படி ஒன்று நடந்ததே கிடையாது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கிடைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினோம். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இத்தகைய சூழ்நிலைகளில் தமிழ்ச் சமுதாயம் எதைச் செய்யுமோ அதையே செய்வதென்று ஏகமனதாக முடிவெடுத்தோம். விழா எடுத்தோம்.

எங்களுக்கு நன்கொடை தரும் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் துறைத் தலைவர் செம்பியன் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒழிந்தது திங்கட்கிழமை காலை மட்டும்தான். பொன்மணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"திங்கக்கெழமையா? சார், அன்னிக்குத்தான் எனக்கு மொத நாளு."

"அதனாலதாம்மா விழா."

"நாயித்துக்கெழம வெச்சிக்கலாமே சார்?"

"ஞாயித்துக்கிழமை அவர் குடும்பத்தோட இருப்பார். அன்னிக்குப் போய் ஏழைகளைப் பாருங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் காலைல போயி மெஷின்ல கைய வெச்சிட்டு, வேலை முடிச்சிட்டு வந்துர்றனே சார்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வேலைக்குப் போயிட்டா, உனக்கு வேலை கிடைச்சதை யாரை வெச்சும்மா கொண்டாடறது?"

பிறகு நானே இறங்கி வந்தேன். ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்ததும் விழா, அரை மணியில் நன்றியுரை, பாண்டி பஜார் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது, ஆட்டோவில் ஏறினால் போயிற்று என்று விளக்கினேன். போதாததற்கு உன் மேலாளரே மேடையில் உன் பக்கத்தில் உட்காரப்போகிறார், உனக்கென்ன பயம் என்றேன். எங்கள் சிபாரிசில் கிடைத்த வேலை, சிபாரிசைத் திரும்பப் பெறுவது எங்களுக்கும் வருத்தமாக இருக்கும் என்பதையும் தாய்மையுணர்வோடு சேர்த்துச் சொன்னேன்.

"மேனேஜரு சாரே கீறார்னா சரி சார்" என்றாள். ஆனால் முகம் தெளியவில்லை.

திங்கட்கிழமை வந்தது. வாடகைக்கு எடுத்த மினி ஹாலின் மேடையில் பிரம்மாண்டமான பேனர் கட்டியிருந்தோம். 'வேலையை வென்ற வீராங்கனை!' என்ற தலைப்பு. ஒரு பக்கம் செம்பியன், ஒரு பக்கம் நான், நடுவில் இரண்டு பேரையும்விடப் பெரிதாகப் பொன்மணி. ஏழையின் சிரிப்பு பெரிதாக இருந்தால்தான் நன்கொடையாளருக்கு மனம் நிறையும் என்பது இந்தத் துறையில் நான் கண்ட உண்மை. பொன்மணி கடையின் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் 'பயனாளி' என்று பட்டை குத்தியிருந்தோம். பக்கத்து நாற்காலியில் புகழேந்தி.

ஒன்பது மணிக்குச் செம்பியன் பாலவாக்கத்தில் தம் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் வெறும் வயிற்றோடு ஏழைகளைச் சந்திக்க முடியாது.

நான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே, சிறப்பு விருந்தினர் புறப்பட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சியான செய்தி வந்திருக்கிறது." கைதட்டல். சற்றுப் பொறுத்து, "திருவான்மியூர் சிக்னலை எட்டிவிட்டார்." மறுபடியும் கைதட்டல். ஹம்சினி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு விரலால் தட்டச் சொல்லி, பிறகு இரண்டு விரல், மூன்று விரல் என்று 'மழைக் கைதட்டல்' நடத்தினார். மழை ஓய்ந்தது. விருந்தினர் அடையாறு டெப்போவைத் தாண்டவில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

பொன்மணி மெதுவாகப் புகழேந்தியின் பக்கம் சாய்ந்தாள். "சார், டைம் ஆவுது சார்."

"ஆமாம்மா" என்றார் புகழேந்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து. "எனக்கும்தான் லேட்டாகுது."

மேடைக்குக் கீழே நின்றிருந்த தௌசீஃப் கையை ஆட்டினான். "யக்கா! பின்னாடி படிக்கட்டு கீது. எறங்கி ஓடிரு. நான் ஆட்டோ புடிக்கிறேன்!"

பொன்மணி எழுந்துவிட்டாள். நல்லவேளையாக நான் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்த் தோளை அழுத்தி உட்கார வைத்து, ஒலிபெருக்கியிலேயே அறிவித்தேன்: "பயனாளி அவர்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுந்துவிட்டார். அவருடைய நன்றியுணர்ச்சிக்கு ஒரு கைதட்டல்!" மண்டபமே அதிர்ந்தது. அவ்வளவு பேர் தட்டும்போது ஒருத்தி எழுந்து எப்படி ஓட முடியும்? உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. புகைப்படக்காரர் அதை அருமையாக எடுத்தார். எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான்.

செம்பியன் வந்து சேர்ந்தபோது பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார், மாலை வாங்கினார், பொன்னாடை வாங்கினார், என்னைப் புகழ்ந்தார். பிறகு மிக ஆழமான ஓர் உரை நிகழ்த்தினார்.

"வேலை கிடைக்கறது பெரிசில்ல. மொத நாள் வேலைக்கு எப்படிப் போறோம்கறதுதான் பெரிசு. மொத நாள் கரெக்டா போய் நிக்கறவங்களை யாராலயும் அசைக்க முடியாது!" என்றவர், பாசத்தோடு பொன்மணியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மொத நாள் என்னைக்கும்மா?"

ஒலிபெருக்கியை அவள் வாயருகே நீட்டினேன்.

"இன்னிக்குத்தான் சார்" என்றாள் பொன்மணி.

"இன்னைக்கேவா? சபாஷ்! நல்லா கை தட்டுங்க!"

தட்டினோம். புகழேந்தி எழுந்து, கடையின் சார்பில் பொன்மணிக்குப் பொன்னாடை போர்த்தி, பூங்கொத்து கொடுத்து, "எங்கள் நிறுவனக் குடும்பத்துக்கு வருக வருக" என்றார். அதையும் படம் எடுத்தோம்.

நன்றியுரையின் முதல் வரி முடிவதற்குள் பொன்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். தௌசீஃப் பிடித்து வைத்திருந்த ஆட்டோவில், தோளில் பொன்னாடையும் கையில் பூங்கொத்துமாகப் போனாளாம். நாங்கள் சாம்பார் சாதமும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தாள். பூங்கொத்தைக் காணோம்.

"மெஷினு என் வெரல எடுத்துக்கல சார்" என்றாள். "நாலு வாட்டி வெச்சேன். தொடச்சிட்டு வெச்சேன். செவப்பா எரிஞ்சிக்கினே கீது. உள்ள வேற ஒரு பொண்ணு இதே மாதிரி சேலை கட்டிக்கினு நிக்கிது சார்."

நான் நேராகப் புகழேந்தியிடம் போனேன். அவர் வடையில் இருந்தார்.

"என்ன சார் இது? அவங்க இங்கதானே இருந்தாங்க? உங்க பக்கத்து நாற்காலியிலதானே உக்காந்திருந்தாங்க?"

"ஆமா சார்."

"நீங்களே உங்க கையால பூங்கொத்து குடுத்தீங்களே?"

"குடுத்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பார்த்தா போதுமா சார்? மெஷின் பார்க்கணுமே."

"அப்போ நீங்களும்தானே கடைக்கு லேட்டு?"

"நான் இங்க ஆன் டியூட்டி சார். கடை சார்பா வந்திருக்கேன்" என்றார் அவர் பொறுமையாக. "அவங்க ஆப்சென்ட். நிர்வாகத்துல ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அடுத்த தடவை ஆள் எடுக்கறப்ப கண்டிப்பா பார்ப்போம். ஆனா நடப்புல பயிற்சியில இருக்கறவங்களைத்தான் எடுக்க முடியும். கேசரி நல்லாருக்கு."

எவ்வளவு தெளிவான நிர்வாகம்!

பொன்மணி அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணாண்ட நான் இன்னா சார் சொல்லுவேன்? காலைல இஸ்கூல் வாசல்ல, 'சாயந்தரம் அம்மா வேலை முடிச்சிட்டு வந்து உன்ன கூட்டிகினு போறேன் கண்ணு'ன்னு சொல்ட்டு வந்தேன் சார். உங்கள நம்பித்தான சார் உக்காந்தேன்?"

"இன்னா சார், நாயமா இது?" என்று தௌசீஃப் என் முகத்துக்கு நேராகக் கத்தினான். மணப்பெண் அலங்காரம் படித்த பையன் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே அவனைப் புதிதாக ஆரம்பித்திருந்த 'கோப மேலாண்மை' வகுப்பில் சேர்த்துவிட்டேன். அது ஒன்றுதான் அவன் படிக்காமல் பாக்கி இருந்தது.

ஆனால் எந்த அளவுகோலில் பார்த்தாலும் விழா மாபெரும் வெற்றி. பயிற்சி பெற்றாரா? பெற்றார். வேலை கிடைத்ததா? கிடைத்தது, ஊரறியக் கொண்டாடியிருக்கிறோம். கிடைத்த வேலை எவ்வளவு நேரம் இருந்தது என்று நன்கொடையாளர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். செம்பியனின் நிறுவனம் மகிழ்ந்துபோய், எங்கள் மையத்துக்கு இன்னொரு மாடியே எடுத்துக் கொடுத்தது.

பொன்மணிக்கும் நாங்கள் குறை வைக்கவில்லை. கடைக்காரர் கேட்ட 'நடப்புப் பயிற்சி'க்காக அதே ஜவுளி வகுப்பில் அவளை மீண்டும் சேர்த்துக்கொண்டோம். ஜூன் மாதம் தமிழ்நிலாவுக்கு டிசி வாங்கியாகிவிட்டது. பெரும்பாக்கம் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்களாம். சில வாரம் போனதாம், அப்புறம் போகவில்லையாம். அதைப் பற்றியும் கவலைப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு வயது ஆனதும் எங்களிடம் வந்துவிடலாம் என்று இப்போதே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைப் பயனாளிகள்! இந்தியாவில் வேறு எந்த மையம் இதைச் சாதித்திருக்கிறது?

சென்ற வாரம் புது மாடியைப் பார்வையிடச் செம்பியன் வருவதாக இருந்தது. அவர் வருவதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஜவுளி வகுப்புக்குள் நுழைந்தேன். பழைய பேனர்கள் நைந்துவிட்டதால் புதிதாக ஒன்றைக் கிழித்துக் கொடுத்திருந்தார்கள். 'வேலையை வென்ற வீராங்கனை!' பொன்மணி தரையில் உட்கார்ந்து அதை மடித்துக்கொண்டிருந்தாள். அருமையான மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் செம்பியனும் நானும் உள்ளே போய்விட்டோம். மேலே, முழுசாக, சிரித்துக்கொண்டு பொன்மணியின் முகம்.

எனக்குப் பதறிவிட்டது. "என்னம்மா பண்ணியிருக்கே? இன்னும் கொஞ்ச நேரத்துல அவர் வந்துடுவார். விருந்தினர் முகம்தானே மேல வரணும்? உன் முகத்தை எதுக்கு மேல வெச்சிருக்கே?"

பொன்மணி நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இங்கதான சார் கத்துக் குடுத்தீங்க, எந்தச் சரக்க விக்கிறமோ அதுதான் மேல தெரியணும்னு?"

பதில் சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.